முதல் ராக் கச்சேரிக்காக மலை இறங்கும் தம்பிக்கு

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்துகொண்டு ஹட்டனில் கைத்தொலைபேசிக் கடையொன்றில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். நான்கைந்து வருடமாக ராக் இசையைத் தொலைபேசியிலேயே கேட்டு வந்தவர், இப்போது கொழும்பில் திறந்த மைதானமொன்றில் நடக்கவிருக்கும் வெளிநாட்டுக் குழுவின் கச்சேரிக்கு முதன்முறையாகப் போகப்போகிறார். மேடையை ஒட்டி நிற்கும் பகுதிக்கு 15,000 ரூபாய், அதற்குப் பின்னாலுள்ள பகுதிக்கு 6,000 ரூபாய். வாழ்க்கையில் ஒரு தடவை போவதற்கு முன்வரிசையையே வாங்கிவிடலாமா என்பது முதல் கேள்வி. காதடைப்பான் உண்மையில் தேவையா, அது கிழவர்களுக்கு என்று கூட்டாளிகள் சிரிக்கிறார்களே என்பது அடுத்தது. பதினேழு வயதுத் தங்கை தானும் வருவேன் என்று நிற்கிறாள், அம்மா பயப்படுகிறார், கூட்டிப் போகலாமா? கச்சேரி முடிந்த பிறகு எப்படி மலையேறுவது?

நான் தலவாக்கலைப் பக்கம் பிறந்தவன். கொழும்பில் ஒலியமைப்புச் செய்து கொடுக்கும் குழுக்களோடு கேபிள் இழுப்பதில் தொடங்கி ஒலிக்கலவை மேசை வரைக்கும் பதினான்கு வருடம் வேலை பார்த்தவன். எனவே ரசிகனாகவும், கறுப்புச் சட்டையோடு மேடைக்குப் பின்னால் ஓடித் திரிந்தவனாகவும் பதில் சொல்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிட்டுக் காரணத்துக்கு வருகிறேன்: 6,000 ரூபாய் டிக்கெட்டை வாங்குங்கள், மைதானத்தின் நடுக்கோட்டில் ஒலிக்கலவை மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள், காதை அடைத்துக்கொள்ளுங்கள்.

முன்வரிசையில் நின்றால் கிட்டார்காரரின் விரல் ஓடுவதையும் பாடகரின் கழுத்து நரம்பு புடைப்பதையும் பார்க்கலாம் என்பது உண்மைதான். ஆனால் கண்ணுக்குக் கிடைக்கும் அந்த விருந்து காதுக்குக் கிடைப்பதில்லை. பெரிய கச்சேரிகளில் பிரதான ஒலிபெருக்கிகள் மேடையின் இரு பக்கமும் உயரத்தில் வாழைக்குலை வளைந்தாற்போலத் தொங்கவிடப்பட்டிருக்கும்; அவற்றின் கோணம் மைதானத்தின் நடுப்பகுதியையும் பின்பகுதியையும் பார்த்தே அமைக்கப்படுகிறது. மேடையோடு ஒட்டி நிற்பவரின் தலைக்கு மேலாக அந்த ஒலி பறந்து போய்விடும். அவருக்கு வந்து சேர்வதெல்லாம் மேடை விளிம்பில் வரிசையாக வைக்கும் சிறிய பெட்டிகளின் ஒலியும், ட்ரம்ஸின் நேரடி அடியும், கிட்டார் அம்ப்ளிஃபயரின் கீறலும், தாழ்ந்த ஒலிக்காகத் தரையில் அடுக்கி வைத்திருக்கும் சப்வூஃபர் பெட்டிகளின் உறுமலும்தான். இவற்றுக்கிடையில் பாடகரின் குரல் பக்கத்து லயன் வீட்டிலிருந்து யாரோ கூப்பிடுவது போலத்தான் கேட்கும்.

இதை நான் அனுபவித்தே அறிந்தேன். என் முதல் பெரிய கச்சேரிக்கு, உங்களைப் போலவே முன்னால் நின்றே தீருவேன் என்று, மதியம் இரண்டு மணிக்கே போய் வரிசையில் நின்றேன். இடித்துத் தள்ளிப் பிடித்த இடம் சப்வூஃபர் அடுக்குக்கு நேர் முன்னால் இருந்தது. ட்ரம்ஸ்காரர் காலால் ஒவ்வொரு முறை மிதித்தபோதும் என் சட்டைத் துணி காற்றுப்பட்ட படங்கைப் போல நெஞ்சில் படபடத்தது. கையிலிருந்த போத்தலில் தண்ணீர் வளையம் வளையமாக நடுங்கியது. முதல் பாட்டுக்கு அது சொர்க்கமாக இருந்தது. ஐந்தாவது பாட்டுக்கு வந்தபோது எந்தப் பாட்டுப் போகிறது என்பதையே பக்கத்தில் நின்றவர்களின் வாயசைவைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். மனப்பாடமாகத் தெரிந்த பாடல்கள், ஒரு வரிகூடப் பிடிபடவில்லை. அதன் பின் மூன்று நாள் இரண்டு காதிலும் சில்வண்டு கத்திக்கொண்டிருந்தது.

ஒலிக்கலவை மேசைக்கு வருவோம். மைதானத்தின் நடுக்கோட்டில், மேடையிலிருந்து சற்றுத் தள்ளி, சிறு கொட்டகை போட்டு அதைச் சுற்றித் தடுப்பு வைத்திருப்பார்கள். உள்ளே மேசை நிறைய விசைகளோடு ஒருவர் நின்றுகொண்டிருப்பார். அந்த இரவில் நீங்கள் கேட்கும் ஒவ்வொன்றின் அளவையும் அவர்தான் தீர்மானிக்கிறார். அதுவும் அவர் நிற்கும் இடத்தில் அவருடைய காதுக்கு நன்றாகக் கேட்கும்படி தீர்மானிக்கிறார். ஆகவே அவருக்கு நாலைந்து மீற்றர் முன்னாலோ பக்கத்திலோ நிற்பவர், அவருக்குக் கிடைக்கும் அதே கலவையை இனாமாகப் பெறுகிறார். அவருக்கு நேர் பின்னால் நின்றால் கொட்டகை மறைக்கும், அதை மட்டும் தவிருங்கள். நான் வேலை பார்த்த மைதானங்களில் இந்த மேசை பெரும்பாலும் இரண்டு டிக்கெட் பகுதிகளையும் பிரிக்கும் தடுப்பை ஒட்டியே இருந்தது. குறைந்த விலைப் பகுதியின் முன் விளிம்பில் நின்றவர்களுக்குத்தான் அன்றைய மிகச் சிறந்த ஒலி கிடைத்தது. இந்த ரகசியம் தெரிந்த பழைய ரசிகர்களை அங்கே ஒவ்வொரு கச்சேரியிலும் பார்த்திருக்கிறேன். கையைக் கட்டிக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு நிற்பார்கள்.

விலை வித்தியாசம் 9,000 ரூபாய். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது; அந்தக் கணக்கில் பார்த்தால், அந்த வித்தியாசம் உங்கள் அம்மா அன்று ஆறரை நாளுக்கும் மேல் கொழுந்தெடுத்துப் பேர் போட்டுச் சம்பாதித்த காசு. தங்கைக்கும் ஒரு டிக்கெட் வாங்கி, தங்குமிடத்துக்கும் கொடுக்கலாம். மோசமான ஒலியைக் கூடிய விலைக்கு வாங்குவதில் எனக்குச் சம்மதமில்லை.

மேசையைத் தாண்டி மிகவும் பின்னால் போய்விடவும் வேண்டாம். ஒலி ஒரு செக்கனில் ஏறக்குறைய 343 மீற்றர்தான் போகும். மேடையிலிருந்து 100 மீற்றர் தள்ளி நின்றால் ட்ரம்ஸ்காரரின் குச்சி இறங்கி, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு செக்கன் கழித்துத்தான் அடி காதுக்கு வரும். நம் ஊரில் திருவிழா நாட்களில் கோயில் ஒலிபெருக்கி எதிர் மலையில் மோதி, பாட்டின் ஒவ்வொரு சொல்லும் இரண்டு தரம் கேட்பது உங்களுக்குப் பழக்கமானதுதானே, அதே கணக்குத்தான். பெரிய மைதானங்களில் இதற்காக நடுவில் கோபுரம் கட்டி இன்னொரு வரிசை ஒலிபெருக்கி வைத்து, முன்னாலிருந்து வரும் ஒலியோடு சேரும்படி அதன் ஒலியைக் கணக்குப் பார்த்துத் தாமதப்படுத்துவார்கள். அது இல்லாத இடத்தில் பின்வரிசை என்பது திரையில் படம் பார்ப்பதற்குச் சமம்.

காதடைப்பானைப் பற்றி உங்கள் கூட்டாளிகள் சிரித்தால் சிரிக்கட்டும். மேடையில் நிற்கும் பாடகரின் காதைக் கவனித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவரும் பெரும்பாலும் எதையாவது செருகிக்கொண்டுதான் நிற்பார். ஏ.சி.டி.சி. குழுவின் பாடகர் பிரையன் ஜோன்சன் 2016 இல் செவிப்புலன் முற்றாகப் போய்விடும் என்று மருத்துவர்கள் எச்சரித்ததால் சுற்றுப்பயணத்தை நடுவில் விட்டு விலக வேண்டி வந்தது. தி ஹூ குழுவின் கிட்டார்காரர் பீட் டவுன்ஷெண்ட் காதிரைச்சலோடு பல பத்து வருடம் வாழ்ந்து வருகிறவர். ராக் இசையைப் பெரிதாக்கியவர்களே கொடுத்த விலை இது.

தொழிலிடப் பாதுகாப்புக்காக அமெரிக்க ஆய்வு நிறுவனமொன்று வகுத்த கணக்கைத்தான் நாங்கள் மேசையில் நினைவில் வைத்திருப்போம். 85 டெசிபல் ஒலியை எட்டு மணித்தியாலம் தாங்கலாம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88 என்றால் நான்கு மணித்தியாலம், 94 என்றால் ஒன்று, 100 என்றால் வெறும் பதினைந்து நிமிடம். ராக் கச்சேரி 100 டெசிபலைச் சர்வசாதாரணமாகத் தொடும். நீங்களோ இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நிற்கப்போகிறீர்கள். உலக சுகாதார அமைப்பும் 2022 இல் இசை அரங்குகளுக்கு வகுத்த நியமத்தில் பதினைந்து நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்றே சொல்கிறது. உட்காதிலுள்ள நுண்ணிய மயிர்க்கலங்கள் ஒரு முறை செத்தால் திரும்ப முளைப்பதில்லை. என் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் மெஷினுக்குப் பக்கத்தில் முப்பது வருடம் நின்றவர். பேரப்பிள்ளைகள் பேசும்போது அவர் வாயைப் பார்ப்பதை வைத்துத்தான் வீட்டில் எங்களுக்கு விஷயம் விளங்கியது. அவருக்கு யாரும் காதடைப்பான் கொடுக்கவில்லை. உங்களுக்கு அதை மருந்துக் கடையில் வாங்கிக்கொள்ள முடியும்.

பஞ்சுருண்டை போலிருக்கும் மலிவான நுரை அடைப்பானே போதும், ஆனால் போடும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. விரல்களைக் கழுவித் துடைத்துவிட்டு, அடைப்பானைத் திரிபோல மெல்லியதாக, மடிப்பு விழாமல் உருட்டுங்கள். மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடியுங்கள். அப்போது காதுக் குழாய் நேராகும். திரியை உள்ளே செலுத்தி, விரல் நுனியால் அரை நிமிடம் அழுத்தி வைத்திருங்கள். அது உள்ளே மெல்ல விரிந்து நிரம்பும்போது சுற்றுச் சத்தம் தூரப் போவதை உணர்வீர்கள். முக்கால்வாசி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போட்டும் போடாததுதான். அப்படி நீட்டிக்கொண்டு நிற்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். சாதாரணப் பஞ்சு, கடதாசிக் கைக்குட்டை எதுவும் இதற்கு ஈடாகாது. நுரை அடைப்பானின் குறை, அது உச்ச ஒலிகளை அதிகமாக வெட்டுவதால் ட்ரம்ஸின் உலோகத் தட்டான சிம்பலின் மினுக்கம் சற்று மங்கும் என்பது. எல்லா ஒலியையும் ஏறக்குறையச் சமமாகக் குறைக்கும் இசைக்கலைஞர் அடைப்பான்களும் உண்டு, விலை கூட. இன்னும் நாலு கச்சேரிக்குப் போவீர்கள் என்று தெரிந்த பிறகு வாங்குங்கள். நெஞ்சில் இடிக்கும் அந்த அதிர்வு போய்விடுமோ என்று கவலைப்பட வேண்டாம். அது காது வழியாக வருவதல்ல, உடம்பு முழுவதிலும் வந்து மோதுவது. காமன் கூத்து ஆடும் பொட்டலில் தீ மூட்டித் தப்பு மேளத்தைக் காய்ச்சி எடுத்து, ஆறேழு பேர் ஒன்றாக அடிக்கத் தொடங்கும்போது வயிற்றுக்குள் ஒன்று எழுமே, அதுதான் இது. காதைப் பொத்தினாலும் அது நிற்காது.

தங்கையின் விஷயம் கூட்ட நெரிசலோடு சேர்ந்தது. ஒரு சதுர மீற்றரில் நான்கு பேர் நின்றால் உங்கள் காலை நீங்களே எடுத்து வைக்கலாம். ஐந்தைத் தாண்டினால் தோள்கள் உரசத் தொடங்கும். ஆறு, ஏழு பேர் ஆனதும் கூட்டம் தண்ணீராகிவிடும். எங்கோ ஒருவர் தள்ளியது அலையாக வந்து உங்களைக் கால் தரையில் படாமலேயே இரண்டு மீற்றர் கொண்டுபோகும். மிதிபட்டு இறப்பதைவிட, நெஞ்சு விரிய இடமின்றி மூச்சுத் திணறி இறப்பதே இத்தகைய விபத்துகளில் அதிகம். 2000 ஜூன் 30 அன்று டென்மார்க்கின் ரொஸ்கில்ட் விழாவில் பேர்ல் ஜாம் குழு வாசித்துக்கொண்டிருக்கும்போதே முன்பகுதியில் விழுந்தவர்கள் மேல் கூட்டம் சாய்ந்து ஒன்பது பேர் இறந்தார்கள். 1979 டிசம்பரில் சின்சினாட்டியில் தி ஹூ குழுவின் கச்சேரியில் பதினொரு பேர் இறந்தது இன்னும் வேதனையானது: அது கச்சேரி தொடங்கும் முன், வாசலிலேயே நடந்தது. இடம் குறிக்கப்படாத டிக்கெட், முன்னால் போக வேண்டும் என்ற அவசரம், திறந்திருந்த கதவுகளோ குறைவு. நம் நாட்டிலும் 2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிகரன் பாடிய நிகழ்ச்சியில் கூட்டம் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு முன்னேறியதில் நிகழ்ச்சியையே இடையில் நிறுத்த நேர்ந்தது. அது ராக் கச்சேரியுமல்ல. மெல்லிசைக்கு வந்த கூட்டமும் அப்படித்தான் தள்ளும்.

எனவே தங்கையைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள், ஆனால் முன்பகுதிக்கு வேண்டாம். டிக்கெட்டில் வயதெல்லை இருக்கிறதா என்பதை வாங்குவதற்கு முன் பாருங்கள். இலங்கையில் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுபானம் விற்கக்கூடாது என்பதால், மது விற்கும் நிகழ்ச்சிகளில் சில இடத்தில் உள்ளேயே விடமாட்டார்கள். இருவரும் அடையாள அட்டையை வைத்திருங்கள். உள்ளே போனதும் முதல் வேலையாக, வந்த வழியைத் தவிர வேறு எந்தப் பக்கம் வெளியேறலாம் என்று தங்கைக்குக் காட்டுங்கள். கூட்டத்தில் பிரிந்தால் சந்திக்க ஓர் இடத்தைக் குறியுங்கள். ஒலிக்கலவை மேசை கொட்டகையின் இடது மூலை என்பது போல, அசையாத, தூரத்தில் நின்றே தெரிகிற இடமாக இருக்க வேண்டும், ஏனெனில் பல்லாயிரம் பேர் ஒரே இடத்தில் நிற்கும்போது தொலைபேசி வலையமைப்பு படுத்துவிடும். கழிவறைக்கு, பிரதான குழு ஏறுவதற்கு முன்னுள்ள இடைவேளை வரை காத்திருக்காமல், முதல் குழு வாசிக்கும்போதே அவளைக் கூட்டிச் சென்று வாருங்கள். இடைவேளையில் போனால், பெண்கள் வரிசையின் நீளத்தைப் பார்த்து அவள் உங்களைத் திட்டுவாள்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் நெருக்கம் வந்து சூழ்ந்தால், குத்துச்சண்டைக்காரர் நிற்பதுபோல் இரு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் மடித்து வைத்து மூச்சுக்கு இடம் செய்துகொள்ளுங்கள். அலைக்கு எதிராக முட்ட வேண்டாம். அலை வந்து தணியும் அந்தச் சிறு இடைவெளியில் பக்கவாட்டில், குறுக்காக, ஓரத்தை நோக்கி இரண்டு அடி நகருங்கள், திரும்ப அலை வரும், திரும்பத் தணியும், மீண்டும் நகருங்கள். தொலைபேசி விழுந்தால் விழட்டும், குனியாதீர்கள். கைத்தொலைபேசிக் கடைக்காரருக்கு இந்தப் புத்தி கசக்கும் என்று தெரியும்.

கூட்டத்தின் நடுவில் திடீரென ஒரு வட்டம் திறந்து, உள்ளே இளைஞர்கள் ஒருவரையொருவர் மோதிக்கொண்டு சுற்றி ஓடுவதைப் பார்த்தால் சண்டை என்று எண்ணி மிரள வேண்டாம். மொஷ் பிட் என்பது அதுதான். அதற்கு எழுதாத சட்டமுண்டு: கீழே விழுந்தவரைப் பக்கத்திலிருப்பவர்கள் அந்தக் கணமே தூக்கிவிட வேண்டும், வேண்டாதவரை உள்ளே இழுக்கக்கூடாது. இரண்டடி பின்வாங்கி வேடிக்கை பார்ப்பது அவமானமல்ல. ஆட்காட்டி விரலையும் சுண்டு விரலையும் நீட்டிக் காட்டும் கொம்பு முத்திரையும் பார்ப்பீர்கள். பேய் வழிபாடு என்று யாராவது உங்கள் அம்மாவிடம் சொல்லியிருந்தால், அதைப் பரப்பியவர் 1979 இல் பிளாக் சப்பாத் குழுவில் சேர்ந்த ரொனி ஜேம்ஸ் டியோ என்றும், தம் இத்தாலியப் பாட்டி கண்ணூறு கழிக்கக் காட்டிய முத்திரை அது என்று அவரே சொல்லியிருக்கிறார் என்றும் சொல்லுங்கள். மிளகாய் சுற்றிப் போடுகிற நமக்கு இது எளிதில் விளங்கும்.

சிங்களமும் ஆங்கிலமும் சரளமில்லாமல் அந்தக் கூட்டத்தில் அந்நியப்பட்டு நிற்போமோ என்றும் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். அங்கே நிற்பவர்களில் பாதிப் பேர் பாடல்வரிகளை அரைகுறையாகத்தான் கத்துவார்கள். தவிர, ராக் என்பது வசதியானவர்கள் வாழும் கொழும்பு ஏழுக்கு மட்டும் சொந்தமான சரக்கு அல்ல. பரனொய்ட் ஏர்த்லிங் என்ற குழு கண்டியிலிருந்து கிளம்பி இந்த நாட்டு ராக் மேடைகளில் தனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்தது. ஸ்டிக்மாட்டா போன்ற கொழும்பு மெட்டல் (ராக்கின் கடும் வகை) குழுக்களின் சிறிய நிகழ்ச்சிகளுக்கும் ஒரு தடவை போய்ப் பாருங்கள். சில நூறு பேர் கூடும் அரங்கில் ராக் கேட்பது பெரிய மைதானத்தில் கேட்பதிலிருந்து முற்றிலும் வேறானது, பல நேரம் மேலானது.

அன்றைய மாலை எப்படிப் போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் முதல் தடவை போகிறவர்கள் சக்தியையெல்லாம் முதல் மணித்தியாலத்திலேயே செலவழித்துவிடுகிறார்கள். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் வாசல் திறக்கும் நேரம். அதன்பின் ஒன்றோ இரண்டோ உள்ளூர்க் குழுக்கள் வாசிக்கும். அவர்களுக்கு ஒலியளவைச் சற்றுக் குறைத்தே வைப்பது வழக்கம், அவர்கள் திறமை குறைந்தவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். பிறகு மேடை மாற்ற அரை மணித்தியாலம் போகும். கறுப்புச் சட்டைக்காரர்கள் கிட்டார்களை ஒவ்வொன்றாக மீட்டிப் பார்ப்பதையும், ஒலிவாங்கியில் 'ஒன், டூ' என்று சொல்வதையும் பார்த்துக் கூட்டம் வீணாக ஆரவாரிக்கும். விளக்குகள் மொத்தமாக அணையும் தருணத்துக்காகக் காத்திருங்கள், அதுதான் தொடக்கம். பாடல்கள் பதிவில் கேட்டதைவிட வேகமாகவும், வயது போன பாடகர் என்றால் சுருதி இறக்கியும் வரும். அதைக் குறையாகக் கொள்ள வேண்டாம். கடைசிப் பாட்டு என்று சொல்லிவிட்டுப் போவார்கள், நம்பாதீர்கள். கூட்டம் கத்தக் கத்த இரண்டு மூன்று பாட்டுக்குத் திரும்பி வருவார்கள், அதுவும் பட்டியலில் முன்கூட்டியே எழுதப்பட்டதுதான். மைதான விளக்குகள் முழுதாக எரிந்தால் மட்டுமே முடிந்தது என்று பொருள். ஒரு பாட்டை வேண்டுமானால் தொலைபேசியில் பிடியுங்கள், ஆனால் அத்தனை பலமான தாழ்ந்த ஒலியைத் தொலைபேசியின் ஒலிவாங்கி தாங்காமல் கரகரவென்று பதிவுசெய்யும். வீட்டுக்கு வந்து யாரும் அதை இரண்டாம் முறை போட்டுப் பார்ப்பதில்லை.

உடுப்பு விஷயத்தில் மலைநாட்டாருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. விடிகாலையில் குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு புறப்படுவோம். அவிசாவளை வந்ததும் அது சுமையாகிவிடும். கொழும்பில் பகலில் 30 பாகையைச் சுற்றிய வெயிலும் கசகசப்பும் நம் உடம்புக்குப் பழக்கமில்லாதது, கூட்டத்துக்குள் அது இன்னும் கூடும். என் ஸ்வெட்டரை அந்த முதல் கச்சேரியில் இடுப்பில் கட்டியிருந்தேன், எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. தங்குமிடத்தில் வைத்துவிட்டு, மெல்லிய பருத்திச் சட்டையோடும் மூடிய சப்பாத்தோடும் போங்கள். செருப்பு மட்டும் வேண்டாம். குடையையும் போத்தலையும் பெரிய பையையும் வாசலிலேயே வாங்கிவிடுவார்கள். மழைக்கோட்டை மடித்துக் காற்சட்டைப் பையில் வையுங்கள். மதியம் ஒழுங்காகச் சோறு சாப்பிட்டு, காலையிலிருந்தே தண்ணீர் குடித்துக்கொண்டிருங்கள். டிக்கெட்டை அதிகாரபூர்வ விற்பனையாளரிடம் மட்டும் வாங்கி, அதன் கியூ.ஆர். குறியீட்டின் படத்தைப் பெருமைக்காக எங்கேயும் போட்டுவிடாதீர்கள்; அதைப் பிரதியெடுத்து உங்களுக்கு முன்னால் ஒருவர் உள்ளே போய்விட்டால் வாசலில் நிற்கும் பையனால் எதுவும் செய்ய முடியாது.

திரும்பும் பயணத்தை டிக்கெட் வாங்குவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். கச்சேரி முடிந்து மைதானம் காலியாக நள்ளிரவு நெருங்கிவிடும். பதுளைக்கான இரவு தபால் ரயில் ஓடுகிற நாளானாலும், அது அதற்கு வெகு முன்பே கொழும்புக் கோட்டை நிலையத்தை விட்டுப் போயிருக்கும். நான் முதல் தடவை இதை யோசிக்காமல், புறக்கோட்டை பஸ் நிலையத்தில் சீமெந்துக் கட்டின் மேல் விடியும்வரை நுளம்புக் கடியில் உட்கார்ந்திருந்தேன். தனியாளுக்கு அது கதை, தங்கையோடு போகிறவருக்கு அது சரிவராது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ சொந்தக்காரர் வீடிருந்தால் முதலே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் அறையொன்றைப் பதிவு செய்துவிடுங்கள். மைதான வாசலில் முச்சக்கர வண்டிக்காரர்கள் அந்த நேரம் கேட்கும் விலையில் அறை வாடகையே கொடுத்துவிடலாம்; பத்துப் பதினைந்து நிமிடம் பிரதான வீதி வரை நடந்து போய் வண்டி பிடித்தால் பாதியாகும்.

மறுநாள் காலையில் ரயிலா பஸ்ஸா என்பதை அன்றைய நிலையைப் பார்த்தே தீர்மானியுங்கள். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் மலையக ரயில் பாதையைப் பல இடங்களில் சிதைத்துவிட்டதால், எந்த ரயில் எதுவரை ஓடுகிறது என்று நிலையத்தில் விசாரிக்காமல் நம்பிப் போக வேண்டாம். பஸ் என்றால் அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு. இடது பக்க ஜன்னலோரத்தைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டுத் தூங்கிவிடுங்கள்.

கச்சேரியில் கேட்ட பாடல்களையெல்லாம் அந்தப் பயணத்தில் மீண்டும் இயர்போனில் போட்டுக் கேட்கக் கை துடிக்கும். அன்று ஒரு நாள் வேண்டாம். இரவு முழுக்க அடிபட்ட காதுக்கு அந்த நாளாவது ஓய்வு கிடைக்கட்டும். அடைப்பானை ஒழுங்காகப் போட்டிருந்தால் பெரும்பாலும் இரைச்சல் இருக்காது, இருந்தாலும் அநேகமாக ஒரு நாளில் அடங்கிவிடும். இரண்டு நாள் கழித்தும் சில்வண்டு கத்திக்கொண்டிருந்தாலோ, ஒரு பக்கக் காது மட்டும் அடைத்தாற்போல் இருந்தாலோ, தானாகச் சரியாகும் என்று பார்த்துக்கொண்டிராமல் அரசாங்க ஆஸ்பத்திரியின் காது, மூக்கு, தொண்டைக் கிளினிக்கில் காட்டுங்கள். சத்தத்தால் வந்த திடீர்க் கேளாமைக்கு நாள் கடத்தாமல் போனால்தான் மருத்துவர்களால் ஏதாவது செய்ய முடிகிறது.